முளை பத்து, பந்து ஒன்று



சித்தூர், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி முதலான பாலக்காட்டு எல்லையூர்களிலும், மூணாறு, தேவிகுளம், மறையூர், வட்டவடை, பீர்மேடு முதலான இடுக்கி மலையூர்களிலும் வாழும் தமிழன்பர்களை மனத்தில் கொண்டு இன்றைய பேச்சை அமைத்திருக்கிறேன். அவ்வூர்களிலிருந்து புறப்பட்டுப் பெங்களூர், மும்பை, தில்லி என்று பிழைப்பை நாடிப் பரவியிருக்கும் அன்பர்களுக்கும் இது உரியது. பொருள் சற்றுப் புதியது. பத்து முளைகளை நிறுத்திவைத்துப் பந்தை உருட்டி வீழ்த்தும் ‘பௌலிங்’ என்னும் ஆட்டத்தைப் பற்றியும், உலகமெல்லாம் காணும்படி தொலைக்காட்சியில் நடைபெறும் அதன் பன்னாட்டுப் போட்டிகளைப் பற்றியும் சில கூற விரும்புகிறேன்.

கிரிக்கெட்டில் பந்து வீசுவதையும் பௌலிங் என்றே வழங்குகிறோம். இது அதுவன்று. இங்கே பந்து எழும்பி வருவதில்லை. தரையோடு தரையாக உருண்டு செல்கிறது. எதிரே மட்டை ஏந்தி நிற்பவர் எவரும் இல்லை. அறுபது அடிக்கு அப்பால் அசையாமல் நிற்கும் பத்து மரத்துண்டுகளே ஆட்டக்காரரின் இலக்கு. நம் பிள்ளைகள் தெருவில் ஏழு கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்துப் பந்தால் அடித்துச் சரிப்பார்கள் அல்லவா? அந்த ஆட்டத்திற்கு இதைத் தூரத்து உறவு என்று சொல்லலாம்.

கண்ணால் காண வேண்டிய ஆட்டத்தைக் காதால் கேட்கச் சொல்வது ஏன் என்று நீங்கள் வினவலாம். காரணம் உண்டு. தொலைக்காட்சி நமக்குக் காட்டுவது ஆட்டத்தின் ஒரு பகுதியையே. பந்து பாய்வதும், முளைகள் சிதறுவதும், மக்கள் ஆரவாரிப்பதும் திரையில் தெரிகின்றன. ஆனால் அந்த ஆட்டத்தைத் தாங்கி நிற்பவை பெரும்பாலும் திரைக்கு வெளியே இருக்கின்றன. அவற்றைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் ஆடுகளத்தை மனக்கண்ணால் காண்போம். நீண்டு குறுகிய பலகைத் தடம் ஒன்று. அதன் அகலம் ஏறத்தாழ 41½ அங்குலம். ஆட்டக்காரர் மிதிக்கக்கூடாத கோட்டிலிருந்து முதல் முளை வரை 60 அடி. முளை என்றதும் மாடு கட்டும் முளையை எண்ணிவிடாதீர்கள்; கழுத்துச் சிறுத்து, வயிறு பருத்து, புட்டியைப் போல இருக்கும். உயரம் 15 அங்குலம். எடை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. முன்னே ஒன்று, அடுத்து இரண்டு, அதன்பின் மூன்று, கடைசியில் நான்கு என்று பத்தும் முக்கோணமாக நிற்கும். பந்தின் எடை 16 பவுண்டுக்கு, அதாவது ஏறத்தாழ ஏழேகால் கிலோவுக்கு, மேற்படலாகாது. விரல் நுழைப்பதற்கு அதில் துளைகள் உண்டு.

ஓர் ஆட்டத்திற்குப் பத்துச் சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை உருட்டலாம். முதல் உருட்டிலேயே பத்தும் வீழ்ந்தால் அது ‘ஸ்ட்ரைக்’. சில முளைகள் எஞ்சி, இரண்டாம் உருட்டில் அவையும் வீழ்ந்தால் அது ‘ஸ்பேர்’. ஸ்ட்ரைக் அடித்தவருக்குப் பத்துடன் அடுத்த இரண்டு உருட்டுகளில் வீழ்ந்தவையும், ஸ்பேர் எடுத்தவருக்குப் பத்துடன் அடுத்த ஓர் உருட்டில் வீழ்ந்தவையும் சேர்த்துக் கணக்கிடப்படும். பத்தாம் சுற்றில் கிடைக்கும் இரண்டு கூடுதல் உருட்டுகளையும் சேர்த்து, தொடர்ந்து பன்னிரண்டு ஸ்ட்ரைக் அடித்தால் 300 புள்ளிகள். அதற்கு மேல் எவரும் பெற முடியாது.

இவ்வாட்டத்தின் மூதாதையான ஒன்பது முளை ஆட்டம் ஜெர்மானியக் குடியேறிகளோடு அமெரிக்காவுக்குச் சென்றது. அங்கே சூதாட்டம் கலந்ததனால் 1841ஆம் ஆண்டில் கனெக்டிகட் மாநிலம் ஒன்பது முளை ஆட்டத்தைத் தடை செய்தது. நாளடைவில் பத்து முளை ஆட்டமே அந்நாட்டில் நிலைபெற்றது. 1895ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் அமெரிக்க பௌலிங் காங்கிரஸ் தோன்றி விதிகளை ஒழுங்குபடுத்தியது. பந்தின் எடையும் முளைகளின் இடைவெளியும் எங்கும் ஒன்றாயின.

பின்னர்த் தொலைக்காட்சி வந்தது. ஒரே இடத்தில் நிகழ்கின்ற, நொடியில் முடிவு தெரிகின்ற ஆட்டம் இது. ஆகவே படக்கருவிக்கு மிகவும் ஏற்றதாயிற்று. 1962 முதல் 1997 வரை அமெரிக்காவின் ஏ.பி.சி. நிறுவனம் தொழில்முறை ஆட்டக்காரர்களின் போட்டிகளை ஒளிபரப்பி வந்தது. 1967ஆம் ஆண்டில் ஆக்ரன் நகரில் ஜாக் பியாண்டலில்லோ என்பவர், நாடு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, முதன்முதலாகத் தொலைக்காட்சியில் 300 புள்ளிகள் எடுத்தார். 1965இல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் பௌலிங் உலகக் கோப்பைப் போட்டி தொடங்கியது. 2000ஆம் ஆண்டில் போலந்து நாட்டு வார்சா நகரில் வெபர் கோப்பை தொடங்கியது. அமெரிக்க அணியும் ஐரோப்பிய அணியும் எதிர் எதிர் நின்று ஆடுகின்ற இப்போட்டி, தொலைக்காட்சி நேயர்களை மனத்தில் கொண்டே அமைக்கப்பட்டது.

வெபர் கோப்பைக்குப் பெயர் தந்த டிக் வெபர் யார் தெரியுமா? இண்டியானாபொலிஸ் நகரின் அஞ்சல் நிலையத்தில் எழுத்தராக இருந்தவர். பகலில் கடிதங்களைப் பிரித்தடுக்கி, ஓய்வு நேரத்தில் பந்து உருட்டிப் பழகினார். 1955ஆம் ஆண்டில் செயிண்ட் லூயிஸ் நகரின் பெயர்பெற்ற அணி ஒன்று அவரை அழைத்தது, ஊரை விட்டுச் சென்றார், உலகப்புகழ் பெற்றார். சம்பள வேலையையும் சொந்த ஊரையும் விட்டு அறியாத நகரத்திற்குப் புறப்படுவது எத்தகையது என்பதை இந்தப் பேச்சைப் படிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவர் 2005ஆம் ஆண்டில் மறைந்தார்.

இனி, திரையில் தெரியாதவற்றுக்கு வருவோம்.

அந்தத் தடத்தின் மீது நிறமற்ற எண்ணெய் மெல்லிய படலமாகப் பூசப்பட்டிருக்கிறது. தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நீளத்திற்கு எண்ணெய். அதற்கப்பால் உலர்ந்த பலகை. மரம் தேயாமல் காப்பதற்காகப் பூசத் தொடங்கிய எண்ணெய், காலப்போக்கில் ஆட்டத்தையே ஆளத் தொடங்கிவிட்டது. எண்ணெய் உள்ள இடத்தில் பந்து வழுக்கிக்கொண்டு செல்லும். உலர்ந்த பலகையைத் தொட்டதும் பற்றிக்கொண்டு வளையும். மழைக்காலத்தில் பாசி படிந்த பாறையிலும் காய்ந்த மண்ணிலும் மாறி மாறிக் கால் வைத்து நடக்கும் மலையூர் அன்பர்களுக்கு இந்த நுட்பம் எளிதில் விளங்கும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒவ்வொரு பந்தும் சிறிதளவு எண்ணெயைத் துடைத்தும் இழுத்தும் செல்கிறது. ஆகவே முதல் சுற்றில் இருந்த தடம் ஐந்தாம் சுற்றில் இருப்பதில்லை. கண்ணுக்கு அதே பலகை. பந்துக்கு வேறு பலகை. தேர்ந்த ஆட்டக்காரர் பந்து வளையும் இடத்தைப் பார்த்து, எண்ணெய் எங்கே குறைந்தது என்று ஊகித்து, தாம் நிற்கும் இடத்தை ஓரிரு பலகை இடமோ வலமோ மாற்றிக்கொள்கிறார். நேற்று வெற்றி தந்த வழியையே இன்றும் பிடித்துக்கொண்டிருப்பவர் தோற்கிறார். நேயர்கள் இதைக் காண வேண்டுமென்பதற்காக அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டிகள் சிலவற்றில் எண்ணெயில் நீல நிறம் கலந்து காட்டியதும் உண்டு.

அடுத்தது இரண்டாம் உருட்டு. தொலைக்காட்சி ஸ்ட்ரைக்கையே கொண்டாடுகிறது. அதைத்தான் மீண்டும் மீண்டும் மெதுவாக ஓட்டிக் காட்டுகிறது. அதன் அழகை மறுப்பதற்கில்லை. வலக்கை ஆட்டக்காரர் ஒருவர் குறையின்றி ஸ்ட்ரைக் அடிக்கும்போது, பந்து நேரே தொடுவது 1, 3, 5, 9 என்னும் எண்ணுடைய நான்கு முளைகளை மட்டுமே. மற்ற ஆறையும் வீழும் முளைகளே வீழ்த்துகின்றன. முதல் முளையை நெற்றிப்பொட்டில் அடித்தால் இந்தப் பலன் கிடைப்பது அரிது. சற்று விலகி, முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே நுழைய வேண்டும்.

ஆனால் கணக்கு வேறொன்றைச் சொல்கிறது. ஒருவர் ஒவ்வொரு சுற்றிலும் முதல் உருட்டில் ஒன்பது முளைகளை வீழ்த்துகிறார். எஞ்சிய ஒன்றை இரண்டாம் உருட்டில் தவறவிடுகிறார் என்று கொள்வோம். அவருக்குக் கிடைப்பது 90 புள்ளிகள். இன்னொருவரும் அதேபோல ஒன்பதை வீழ்த்துகிறார். ஆனால் எஞ்சிய ஒற்றை முளையை ஒவ்வொரு முறையும் தவறாமல் வீழ்த்திவிடுகிறார். கடைசியில் கிடைக்கும் கூடுதல் உருட்டிலும் ஒன்பது எடுக்கிறார். அவருக்குக் கிடைப்பது 190. முதல் உருட்டில் இருவரும் சமமே. ஒருவரும் ஒரு ஸ்ட்ரைக்கும் அடிக்கவில்லை. எஞ்சியதை முடிக்கும் பொறுமை ஒன்றே நூறு புள்ளிகளைத் தந்துவிடுகிறது. அந்த ஒற்றை முளைக்கு எவரும் கைதட்டுவதில்லை. ஆட்டம் நிற்பது அதன்மேல்தான்.

மூன்றாவதாக, முளைகளை யார் நிறுத்துகிறார்கள்? இன்று பொறி நிறுத்துகிறது. பந்து சென்று மோதியதும் ஒரு தட்டு இறங்கி, வீழ்ந்தவற்றை வாரி, புதியவற்றைக் கணப்பொழுதில் நட்டுவிடுகிறது. அந்தப் பொறி வருமுன் அதைச் செய்தவர்கள் சிறுவர்கள். தடத்தின் கோடியில், சுவருக்குப் பின்னால், குழிபோன்ற இடத்தில் அவர்கள் குந்தியிருப்பார்கள். பந்து வந்து முளைகள் சிதறியதும் குதித்திறங்கி, முளைகளை நிறுத்தி, பந்தைத் திருப்பி உருட்டிவிட்டு, அடுத்த பந்து வருமுன் ஏறிக்கொள்ள வேண்டும்.

லூயிஸ் ஹைன் என்னும் புகைப்படக்காரர், குழந்தை உழைப்பை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்கக் குழு ஒன்றுக்காக நாடெங்கும் சென்று படமெடுத்தவர். 1910ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலுள்ள ஒரு பௌலிங் கூடத்தில் இரவு ஒரு மணிக்கு வேலை செய்துகொண்டிருந்த சிறுவர்களை அவர் படமெடுத்தார். படத்தின் குறிப்பில் ஒரு செய்தியையும் எழுதிவைத்தார்: இவர்களைவிடச் சிறிய மூவரைப் படத்தில் விழாதபடி முதலாளி விலக்கிவிட்டார் என்பது அச்செய்தி. படத்தில் இருப்பவர்களைக் காட்டிலும் இல்லாத அந்த மூவரே நம் நெஞ்சில் நிற்கிறார்கள்.

முளைகளை நிறுத்தும் பொறியைக் கண்டவர் பிரெட் ஷ்மிட் என்பவர். 1946இல் பஃபலோ நகரில் அது மக்களுக்குக் காட்டப்பட்டது. 1950களில் கூடங்களெங்கும் பரவியது. சிறுவர்களின் இரவு வேலை மறைந்தது. அந்த வேலையால் வந்த சில காசுகளும் மறைந்தன. பொறி வந்ததனால்தான் தொலைக்காட்சி தன் விருப்பம்போல் விரைந்து ஓடும் ஆட்டத்தைக் காட்ட முடிந்தது.

கோப்பையில் தேநீர் பருகுபவருக்குக் கொழுந்தெடுத்த கை தெரிவதில்லை. மூணாற்றுத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்தெடுத்துவந்த பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், 2015ஆம் ஆண்டு செப்டம்பரில் ஊதியமும் போனசும் வேண்டிச் சாலையில் அமர்ந்தார்கள். ‘பெண்கள் ஒற்றுமை’ என்று அழைக்கப்பட்ட அந்தப் போராட்டத்தை நாடெங்கும் தொலைக்காட்சிகள் காட்டின. சுற்றுலா விளம்பரங்களில் பச்சை மலைக்கு அழகு சேர்க்கும் புள்ளிகளாக மட்டுமே தென்பட்டவர்கள், அன்று பெயரும் குரலும் உள்ள மக்களாகத் திரையில் தோன்றினார்கள். காட்சியின் ஓரத்தில் இருப்பவர்கள் நடுவிடத்திற்கு வர, அவர்களே முயன்றாக வேண்டியிருக்கிறது.

பௌலிங் ஆட்டத்தின் வரலாறும் இதையே சொல்கிறது. அமெரிக்க பௌலிங் காங்கிரஸில் வெள்ளையரான ஆண்கள் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற விதி 1950ஆம் ஆண்டு வரை இருந்தது. கறுப்பின மக்கள் 1939இல் டெட்ராய்ட் நகரில் தமக்கெனத் தனிச்சங்கம் அமைத்துக்கொண்டார்கள். மோட்டார் தொழிலாளர் சங்கமும், கறுப்பின மக்களின் உரிமைக்குப் பாடுபட்ட அமைப்பும், ஜப்பானிய வழிவந்த அமெரிக்கர்களும் அந்த விதியை எதிர்த்துப் போராடினார்கள், வழக்குகளும் தொடுக்கப்பட்டன. அதன்பின்னரே விதி நீங்கியது. பந்துக்கும் முளைக்கும் நிறம் தெரியாது, வாயிற்காவலருக்கே தெரிந்திருந்தது.

கதவு திறந்தபின் ஆட்டம் எங்கெங்கோ சென்றது. 1978ஆம் ஆண்டு பாங்காக் நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் பௌலிங் முதன்முதலாக இடம்பெற்றது. 1988இல் சியோல் ஒலிம்பிக்கில் காட்சி ஆட்டமாக வந்தது. 1998இல் கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் விளையாட்டிலும் இருந்தது. 2008ஆம் ஆண்டு மெக்சிகோ நாட்டில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் பெண்கள் பட்டத்தை வென்றவர் சிங்கப்பூரின் ஜாஸ்மின் யோங்-நாதன். தமிழ்நாட்டின் ஷபீர் தன்கோட் இந்தியாவின் தேசியப் பட்டத்தைப் பலமுறை வென்றவர். ஆகவே இது நமக்குத் தொலைவான ஆட்டம் என்று இன்று ஒதுக்கிவிட இயலாது.

எனினும் நம் எல்லையூர்களில் இதற்குக் கூடம் அமைப்பது எளிதன்று. விதிப்படி தடத்தின் மேடுபள்ளம் ஓர் அங்குலத்தில் நூற்றில் நான்கு பங்குக்கு மேற்படலாகாது. வட்டவடையில் ஆறடி சமதரை கிடைத்தால் அங்கே பூண்டோ உருளைக்கிழங்கோ பயிராகிவிடும். அறுபது அடிக்கு எங்கே போவது? சித்தூர்ச் சமவெளியில் இடம் உண்டு. ஆனால் பொறிக்கும் எண்ணெய்க்கும் குளிர்சாதனத்திற்கும் ஆகும் செலவு பெரிது. மலைத் தோட்டங்களில் கால்பந்து வேரூன்றியதன் காரணமும் இதுவே. ஒரு பந்தும் ஒரு மைதானமும் இருந்தால் போதும். துரைமார் கொண்டுவந்த ஆட்டத்தைத் தொழிலாளர்கள் தமதாக்கிக்கொண்டார்கள். பௌலிங் அவ்வாறு எளிதில் கைமாறும் ஆட்டமன்று. அது நகரத்துப் பெருங்கடைகளில், கட்டணம் செலுத்துவோருக்காகக் காத்திருக்கிறது.

அந்த நகரங்களில்தான் உங்களில் பலர் இருக்கிறீர்கள். விடுமுறை நாளில் பிள்ளைகள் கையைப் பிடித்து இழுத்து அத்தகைய கூடத்திற்கு அழைத்துச் செல்லலாம். அங்கே பந்தைத் துடைத்து வைப்பவரும், காலணி எடுத்துத் தருபவரும், பொறி சிக்கிக்கொண்டால் பின்புறம் ஓடிச் சென்று சரிசெய்பவரும் ஊரை விட்டு வந்த இளைஞர்களாக இருக்கக் கூடும். அவர்களோடு இரண்டு வார்த்தை பேசுங்கள். எந்த ஊர் என்று கேளுங்கள். அந்தக் கேள்வியின் இனிமை வெளியூரில் வாழ்பவர்களுக்குத்தான் தெரியும்.

அடுத்த முறை தொலைக்காட்சியில் ஒரு பன்னாட்டுப் போட்டியைக் காணும்போது, முளைகள் சிதறுவதை மட்டும் பார்த்து நின்றுவிடாதீர்கள். ஆட்டக்காரரின் காலைப் பாருங்கள். சென்ற முறை நின்ற பலகையிலிருந்து எவ்வளவு நகர்ந்திருக்கிறார் என்று கவனியுங்கள். எண்ணெய் மாறியதை அவர் கண்டுகொண்டார் என்பது விளங்கும். ஒற்றை முளை எஞ்சி நிற்கும்போது திரையை விட்டு எழுந்து போகாதீர்கள். போட்டியின் முடிவு பல நேரங்களில் அங்கேதான் இருக்கிறது. அணியாக ஆடும்போது ‘பேக்கர் முறை’ என்று ஒன்று உண்டு: ஐந்து பேர் சேர்ந்து ஓர் ஆட்டத்தை ஆடுவார்கள், ஒருவருக்கு இரண்டு சுற்றுகளே. முன்னவர் அடித்த ஸ்ட்ரைக்கின் மதிப்பைப் பின்னவர் வீழ்த்தும் முளைகளே நிர்ணயிக்கும். தனியொருவரின் திறமையை மற்றொருவரின் உழைப்பு நிறைவாக்குவதை அங்கே காணலாம்.

திரையின் கோடியில், அந்தத் தட்டு இறங்கி முளைகளை நிறுத்தும் கணத்தில், அந்த இடத்தில் முன்பு கையும் காலும் இருந்தன என்பதையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தின் சுவை அதனால் குறையாது, கூடவே செய்யும்.